கோயில் காட்டோரம்: 2,000 கன்று இலவசமாக வருகிறது, நடலாமா?

கெடிலக்கரை

வணக்கம். கடலூருக்கு மேற்கே, கேப்பர் மலைச் செம்மண் தொடர்ச்சியில் ஓர் அய்யனார் கோயில் காடு. மொத்தம் 4.5 ஏக்கர் என்று ஊரில் சொல்கிறார்கள். கோயிலைச் சுற்றி ஒன்றரை ஏக்கர் பழைய காடு அடர்த்தியாக நிற்கிறது: காசா, வீரை, காட்டு எலுமிச்சை, நாவல், ஏகப்பட்ட கொடி. மேற்கிலும் தெற்கிலும் உள்ள மிச்ச இடத்தில் பாதி சீமைக் கருவேலம், பாதி ஆடு மேய்ந்து மொட்டையான சரிவு. சரிவில் மழைநீர் அறுத்த இரண்டு ஓடைகள்.

ஊர் இளைஞர் குழு சார்பில் கேட்கிறேன். ஓர் அமைப்பு 2,000 கன்று இலவசமாகத் தருகிறது: புங்கன், வேம்பு, மகாகனி, பாதாம், கொன்றை. ஜேசிபி விட்டுக் கருவேலத்தை ஒரே மூச்சில் எடுத்துவிட்டு ஐப்பசி மழையில் நட்டுவிடலாம் என்பது ஒரு தரப்பு. அவசரப்படாதீர்கள் என்பது இன்னொரு தரப்பு. எதை முதலில் செய்வது? யாரிடம் அனுமதி கேட்பது? எத்தனை கன்று தேவைப்படும்?

வீரைநிழல்

தம்பி, அந்தக் கன்றுகள் காட்டுக்கு வேண்டாம் என்று முதலில் சொல்லிவிடுங்கள். மனம் கோணுவார்கள் என்றால் வேம்பையும் புங்கனையும் வாங்கிப் பள்ளிக்கூடத்திலும் தெருவோரத்திலும் வையுங்கள். மகாகனிக்கும் பாதாமுக்கும் அங்கே வேலையே இல்லை.

உங்கள் ஊரில் நிற்பது உலர் பசுமைமாறாக் காடு. வனவியல் அறிஞர்கள் சாம்பியனும் சேத்தும் 1968-இல் இந்தியக் காடுகளை வகைப்படுத்தியபோது ஏழாம் எண் கொடுத்த வகை. நம் கரையோரத்தில் திட்டுத் திட்டாகத்தான் மிச்சம். கீழ்ப்புத்துப்பட்டு, திருமாணிக்குழி, குழந்தைக்குப்பம் காடுகள் எல்லாம் இதே ஜாதி. மரம் குட்டை, இலை சின்னது, தடிப்பு, கோடையிலும் பச்சை. பெரும்பாலான மரங்களுக்குச் சதைப்பற்றான பழம். கொண்டைக்குருவியும் குயிலும் பழந்தின்னி வௌவாலும் மரநாயும் தின்று எச்சமிடும் இடத்தில்தான் அடுத்த தலைமுறை முளைக்கும். ஒன்றரை ஏக்கர் தாய்க்காடு ஒட்டியே நிற்கும்போது விதைக்குப் பஞ்சம் கிடையாது. விதை விழுந்தும் காடு ஏன் வெளியே பரவவில்லை என்று கண்டுபிடியுங்கள். அது தெரியாமல் நடுகிற கன்றும் அதே காரணத்தால்தான் சாகும்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கயிறு, நாலு முளைக்குச்சி, ஒரு நோட்டு போதும். 10-க்கு 10 மீட்டர் சதுரம் கட்டுங்கள். பழைய காட்டுக்குள் 3, கருவேலத்துக்குள் 6, மொட்டைச் சரிவில் 6. ஒவ்வொன்றிலும் நாட்டு மரக் கன்றுகளை மூன்று உயரமாகப் பிரித்து எண்ணுங்கள்: முழங்காலுக்குக் கீழ், முழங்காலிலிருந்து இடுப்பு வரை, இடுப்புக்கு மேல். பெரிய மரத்துக்குத் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவு, 30 செ.மீ. தாண்டியதை மட்டும் எழுதினால் போதும்.

முழங்காலுக்குக் கீழே நிறைய இருந்து, மேலே ஒன்றுமே இல்லையென்றால் ஆடுதான் காரணம். மேய்ச்சலை நிறுத்தினாலே காடு எழும்பும். கருவேலத்துக்கு அடியில் இடுப்பளவு காசாவும் நாவலும் வெளிச்சத்துக்கு ஏங்கி நின்றால், மேலே கவிகையை, அதாவது கிளைக்கூரையை, திறந்துவிட வேண்டும். எந்த உயரத்திலும் எதுவும் இல்லையென்றால் மண் செத்துக் கிடக்கிறது, தண்ணீரை நிறுத்துவதுதான் முதல் வேலை. ஒரு சதுரத்தில் 15, 20 நாட்டுக் கன்று இருந்துவிட்டால் அந்தப் பக்கம் ஒரு குழிகூட வெட்ட வேண்டாம் என்பது என் கணக்கு.

பண்ருட்டி_பலா

ஐயா சொல்வதெல்லாம் சரி, ஆனால் கருவேலத்தை வைத்துக்கொண்டு கணக்கெடுப்பு நடத்திக்கொண்டிருந்தால் அடுத்த வருஷம் அது நாலரை ஏக்கரும் ஆகிவிடும். கையால் வெட்டினால் ஒரு தூருக்குப் பத்துக் கிளை துளிர்க்கும். ஜேசிபி ஒன்றுதான் தூரோடு பிடுங்கும். கூலி ஆளும் இப்போது கிடைப்பதில்லை. ஒரே நாளில் முடியட்டும்.

புறம்போக்கு_கணக்கு

வண்டியோ அரிவாளோ, எதையும் எடுப்பதற்கு முன் நிலம் யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். "4.5 ஏக்கர் என்று ஊரில் சொல்கிறார்கள்" என்ற வரியைப் படித்ததும் பகீரென்றது.

சர்வே எண்ணைப் போட்டு வருவாய்த்துறை இணையதளத்தில் அ பதிவேட்டைப் பாருங்கள். விஏஓவிடம் புல வரைபட நகல் கேளுங்கள். கோயில் பெயரில் பட்டா இருந்தால் அறங்காவலர், அதற்கு மேல் இந்து சமய அறநிலையத் துறை. புறம்போக்கு என்றிருந்தால் தாசில்தாரும் ஊராட்சியும். காப்புக்காட்டின் ஒட்டு என்றால் வனத்துறை. அங்கே கிராம வனக்குழு இருக்கிறதா என்று ரேஞ்சரிடம் விசாரியுங்கள். பல ஊர்களில் ஒரே கோயில் காடு இரண்டு மூன்று சர்வே எண்களில் கிடக்கும். கோயில் மட்டும் கோயில் பெயரில், சுற்றியுள்ள மரங்கள் வேறு வகைப்பாட்டில்.

நில அளவைக்கு மனுப் போட்டு எல்லைக்கல்லைக் காட்டச் சொல்லுங்கள். அதை முடிக்காமல் வேலி போட்டால் பக்கத்து நிலத்துக்காரர் முதல் நாளே சண்டைக்கு வருவார், மிச்ச வேலையெல்லாம் நின்றுவிடும்.

புறம்போக்கில் மரம் வெட்ட முறைப்படி அனுமதி வேண்டும். வெட்டிய விறகை நீங்களே விற்க முடியாது, ஏலம் விட்டுப் பணம் உரிய கணக்கில் போக வேண்டும். கருவேலம்தானே என்று அசட்டையாக இருக்காதீர்கள். லோடு ஏறிப் போன மறுநாள் "இளைஞர் குழு விறகு விற்றுத் தின்றது" என்ற பேச்சு கிளம்பும். அந்தப் பேச்சில் கலைந்துபோன குழுக்கள் நிறைய.

கிராமசபையில் தீர்மானமும் போடுங்கள். வருஷத்துக்கு ஆறு கூட்டம். உங்களுக்கு வசதியானவை ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. "மரம் நட அனுமதி" என்று மொட்டையாக எழுதாமல் சர்வே எண், பரப்பு, மேய்ச்சலுக்கு மூடும் பகுதி, மூடும் காலம், விறகு எடுக்கும் விதி எல்லாம் தீர்மானத்திலேயே வரட்டும். ஊராட்சியில் 2002 பல்லுயிர்ச் சட்டப்படி பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். பெரும்பாலும் பேருக்குத்தான் இருக்கும். அதைத் தட்டி எழுப்பி, நீங்கள் எடுக்கும் மரக் கணக்கை மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால் நாளைக்கு யாராவது மண்டபம் கட்ட வரும்போது காட்ட ஒரு தாள் இருக்கும்.

ஊசுட்டேரி

புதுச்சேரிப் பக்கத்து நண்பர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்களுக்குக் கொம்யூன் பஞ்சாயத்து, ஆவணப் பெயர்களும் வேறு. மண்ணும் மரமும் மட்டும் ஒன்று.

வீரைநிழல்

> ஜேசிபி ஒன்றுதான் தூரோடு பிடுங்கும்

பலா சார், சமதளத்தில், ஏரி உள்வாயில், காய்ந்த பங்குனி சித்திரையில் ஜேசிபி விடுங்கள், ஆட்சேபமில்லை. இது செம்மண் சரிவு. பக்கெட் தூரைக் கெல்லும்போது அரை அடி மேல்மண்ணும் சேர்ந்து வரும். அடியில் நிற்கும் நாட்டுக் கன்றுகள் சக்கரத்தில் போகும். புரட்டிப்போட்ட மண்ணில் புதைந்து கிடக்கும் கருவேல விதைக்கு வெளிச்சம் கிடைக்கும். அந்த விதை பல வருஷம் மண்ணில் உயிரோடு கிடக்கும் சரக்கு. அடுத்த மழையில் அறுத்தெடுத்த வயலில் பயறு முளைத்த மாதிரி வரும்.

கையால் வெட்டினால் துளிர்ப்பது வெட்டும் இடம் தப்பாக இருப்பதால். தரைமட்டத்தில் வெட்டினால் துளிர்க்கும். பட்டையை வளையமாகச் சீவிவிட்டாலும் சீவிய இடத்துக்குக் கீழிருந்து துளிர்க்கும். துளிர்க்கும் மொட்டுகள் தூரின் கழுத்துப் பகுதியில் இருக்கின்றன. சுற்றி மண்ணை ஓரடி பறித்து, அதற்குக் கீழே ஆணிவேரைக் கோடாலியால் துண்டித்துக் கடப்பாரையால் நெம்பி எடுத்துவிட்டால் சாகும். மழை பெய்து மண் இளகியிருக்கும் போது செய்தால் பாதி உழைப்பு.

முழுக்க ஒரே வருஷத்தில் எடுக்காதீர்கள். மூன்றாகப் பிரியுங்கள். பழைய காட்டின் விளிம்பிலிருந்து வெளியே போகும் பட்டையாக முதல் வருஷம் மூன்றில் ஒரு பங்கு. விளிம்பிலிருந்துதான் காசாவும் வீரையும் நகரும், அதனால் அங்கே தொடங்க வேண்டும். முழங்கால் உயரமுள்ள நாட்டுக் கன்று எதுவானாலும் வேலைக்கு முன்பே சிவப்புத் துணி கட்டிக் குறியுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதே பட்டையில் நடந்து புதிதாக முளைத்த கருவேலத்தைக் கையால் பிடுங்குங்கள். விரற்கடை தடிமனுக்குள் இருந்தால் ஈரமண்ணில் சுலபமாக வரும். இதை மூன்று வருஷம் விடாமல் செய்ய ஆள் இல்லையென்றால் வெட்டத் தொடங்கவே வேண்டாம்.

பண்ருட்டி_பலா

ஓரடிக் கணக்கு நியாயம். இருந்தாலும் மூன்று வருஷம் மூன்று மாதத்துக்கொரு தடவை எந்த இளைஞர் குழு வரும்? முதல் நாள் போட்டோவுக்கு ஐம்பது பேர், ஆறாம் மாதம் ரெண்டு பேர். நான் சொல்வது அதைத்தான்.

நாற்றங்கால்

பலா சார் சொல்லும் ரெண்டு பேருக்கு மாதக் கூலி கொடுக்க வழி பார்க்கணும். ஏலத்தில் வரும் விறகுப் பணத்தில் ஒரு பங்கு இந்தக் காட்டின் பராமரிப்புக்கு என்று தீர்மானத்திலேயே எழுதுங்க. புளி, நாவல்பழக் குத்தகை இருந்தா அதையும் சேருங்க.

உண்ணிச்செடி (லாண்டானா களை) இருக்கான்னு யாரும் கேக்கலையே? அது இருந்தா மொத்தச் செடியையும் இழுத்து மண்ணைக் கிளறாதீங்க. தரைக்கு ரெண்டு விரற்கடை கீழே வேரை வெட்டி, செடியைத் தலைகீழாக் கவுத்துப் போடுங்க, அப்படியே காய்ஞ்சிடும். காய் கறுக்கிறதுக்கு முன்னாடி செய்யணும். கறுத்த காயைக் குருவி கொண்டுபோய் இன்னும் பத்து இடத்தில் போட்டுடும்.

இப்ப கன்று விஷயம். கடைக்கன்று வாங்காம தாய்க்காட்டு விதையிலேயே நாற்று விடுங்க. நாவல், வேம்பு, இலுப்பை மூணும் ஆனி ஆடியில் விழும். மூணுமே உலர வெச்சா செத்துப்போற விதை. நாவலைச் சதை கழுவி ஒரு வாரத்துக்குள் ஊன்றணும். வேம்பு ரெண்டு மூணு வாரம் தாங்கும். "காய வெச்சு டப்பாவில் போட்டு வெச்சோம், முளைக்கலை"ன்னு வர்ற புகாரில் பாதி இந்த மூணு மரம்தான். கொன்றை நேர் எதிர், தோல் கல்லு மாதிரி. கொதிநீரை அடுப்பிலிருந்து இறக்கி விதை மேல் ஊத்தி ராத்திரி முழுக்க ஆற விடுங்க, இல்லேன்னா நகவெட்டியால் ஓரத்தைக் கிள்ளுங்க. புன்னைக்கு ஓட்டை லேசா உடைச்சு உள்பருப்பு சிதையாம ஊன்றினா சீக்கிரம் வரும். காசா, வீரை, பாலை எல்லாம் ஆமை வேகம். ரெண்டு வருஷம் பையில் வளர்க்கத் தயாரா இருங்க.

மண் கலவை: செம்மண் ரெண்டு பங்கு, மணல் ஒண்ணு, மக்கின தொழு உரம் ஒண்ணு. உரம் கூடினா தண்டு மட்டும் நெட்டையாப் போய் முதல் கோடையில் துவண்டுடும். பையை மாசம் ஒரு தடவை தூக்கி இடம் மாத்தி வைங்க. தூக்கலேன்னா வேர் பையைத் துளைச்சுத் தரைக்குள் போயிடும், அப்புறம் பிடுங்கி நட்டா அதிர்ச்சியில் சாகும். நடுறதுக்கு ஒரு மாசம் முன்னாடி நிழல்வலையை எடுத்து வெயில் பழக்குங்க, தண்ணியையும் ஒருநாள் விட்டு ஒருநாளாக் குறைங்க.

செம்மண்_ஓடை

கன்றுக்கும் கருவேலத்துக்கும் முன்னால் அந்த இரண்டு ஓடைகளைப் பற்றிப் பேசுங்கள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும் சரிவில் விதையும் நிற்காது, சருகும் நிற்காது.

ஒரு ஏக்கரில் 50 மி.மீ. மழை பெய்தால் கிட்டத்தட்ட 2 லட்சம் லிட்டர். நம் கடற்கரையில் ஐப்பசி கார்த்திகையில் ஒரே ராத்திரியில் அதற்கு மேலும் கொட்டும். மேல்பூச்சு இறுகிப்போன மொட்டைச் செம்மண்ணில் அதில் பெரும்பகுதி ஓடிவிடும்.

சரிவுக்குக் குறுக்கே, ஒரே உயரத்தில் போகும் மட்டக்கோடு பிடியுங்கள். கொத்தனாரிடம் இருக்கும் டியூப் லெவல் போதும். கோட்டில் 2 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழமாகக் குழிகள். ஒரு குழி 500 லிட்டர் பிடிக்கும். 100 குழி வெட்டினால் ஒரு நிரப்புக்கு 50,000 லிட்டர், அதுவும் மழைக்காலத்தில் திரும்பத் திரும்ப நிரம்பி உறிஞ்சும். அடுத்த வரிசைக் குழிகள் மேல் வரிசையின் இடைவெளிக்கு நேரே வர வேண்டும். தோண்டிய மண்ணைச் சரிவின் கீழ்ப்பக்கம் கரையாகப் போட்டு மிதித்துவிடுங்கள். மேல்பக்கம் போட்டால் முதல் மழையிலேயே குழிக்குள் திரும்ப வந்துவிடும்.

நீளமாக ஒரே வாய்க்கால் வெட்டாதீர்கள். மட்டம் இரண்டு அங்குலம் தப்பினாலும் தண்ணீர் தாழ்ந்த முனைக்கு ஓடி அங்கே உடைத்து மூன்றாவது ஓடையை உண்டாக்கும். பழைய மரங்களின் கவிகைக்கு அடியில் குழியே வேண்டாம்; உணவு எடுக்கும் மெல்லிய வேர்கள் மேலடியில்தான் பரவியிருக்கின்றன.

ஓடையை வாயிலிருந்து அடைக்கக் கூடாது, தலையிலிருந்து இறங்கி வர வேண்டும். வெட்டிய கருவேலக் கட்டைகளை ஓடைக்குக் குறுக்கே அடுக்கி, இரண்டு பக்கமும் கரைக்குள் அரை மீட்டர் புதைத்து, நடுவைத் தாழ்த்தி விடுங்கள். நடு உயர்ந்தால் தண்ணீர் பக்கவாட்டில் கரையை அறுத்துக்கொண்டு போகும். கீழ்த்தடுப்பின் உச்சி மேல்தடுப்பின் அடிக்குச் சமமாக வந்தால் இடைவெளி சரி.

ஊசுட்டேரி

ஓடை பத்தி நல்ல பதிவு. ஆனா எல்லாரும் மொட்டைச் சரிவையே பாக்குறீங்க. அந்த ஒன்றரை ஏக்கர் தாய்க்காடு நல்லா இருக்கான்னு யாராவது கேட்டீங்களா? அது போனா மிச்சமெல்லாம் வீண்.

கோயில் காட்டுக்கு வர்ற ஆபத்து பாதி பக்தியில்தான் வருது. திருவிழாவுக்கு முன்னாடி "சுத்தம் பண்றோம்"னு அடிச்செடியெல்லாம் அரிவாளால் சீவித் தரையைக் கூட்டிச் சருகைக் கொளுத்துவாங்க. அடுத்த முப்பது வருஷத்துக்கான காட்டைத்தான் அன்னிக்குச் சீவிப்போடுறாங்க. நூறு நாள் வேலைக்காரங்களை அனுப்பினாலும் இதே கதை. அவங்க மேல தப்பில்லை, எது களை எது கன்றுன்னு யாரும் காட்டிக் கொடுக்கிறதில்லை. கோயிலைச் சுத்தி ஒரு வளையம், பாதைக்கு ரெண்டு பக்கம் ஓரடி, அவ்வளவுதான் கூட்டலாம்னு கல் நட்டு எல்லை வைங்க. பொங்கல் வைக்க, கிடா வெட்ட, வண்டி நிறுத்த எல்லாத்துக்கும் காட்டுக்கு வெளியே இடம் ஒதுக்குங்க. மரத்தடியில் வருஷம் பூரா வேன் நின்னா மண் இறுகும், வேர் மூச்சு முட்டும். உச்சிக்கிளை காய ஆரம்பிச்சப்புறம்தான் வெளியே தெரியும்.

விழுந்த மரத்தை அப்படியே விடுங்க. உளுத்த கட்டையில்தான் கரையான், அதை நம்பி மரங்கொத்தி, அது குடைஞ்ச பொந்தில் ஆந்தையும் மைனாவும். கொடிகளையும் மரத்தை நெரிக்குதுன்னு வெட்டாதீங்க. இந்தக் காட்டுக்குக் கொடிதான் கூரை. விளிம்பில் கொடியை அறுத்துட்டீங்கன்னா அனல் காத்து நேரா உள்ளே நுழையும்.

தீ: மாசியிலிருந்து வைகாசி வரைக்கும் வெளி விளிம்பில் 3 மீட்டர் அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி வெறும் தரையா வைங்க. இந்தக் காடு தானாத் தீப்பிடிக்கிறது அபூர்வம். சூடத்தாலும் பீடியாலும் பக்கத்து நிலத்தில் வைக்கிற தீயாலும்தான் பிடிக்கும். விளக்கு, சூடம் ஏத்த மணல் போட்ட தொட்டி ஒண்ணு கோயில் வாசல்ல இருக்கட்டும்.

கிள்ளைப்படகு

குறுக்கே ஒரு கேள்வி. சதுப்புநிலக் காட்டுக்கும் இதே முறைதானா? எங்கள் பக்கம் ஒரு குழு வெண்கண்டல் நட வேண்டும் என்கிறது.

செம்மண்_ஓடை

அங்கே தண்ணீரை நிறுத்தக் கூடாது, உள்ளே வந்து போக விட வேண்டும். பிச்சாவரத்தில் பழைய காலத்தில் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டியதால் சதுப்பு வெயிலில் காய்ந்து அமிழ்ந்தது, பள்ளத்தில் ஓதநீர் (கடல் ஏறும்போது உள்ளே வரும் நீர்) தேங்கி உப்பு ஏறியது, கண்டல் முளைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அந்தப் பகுதி ஊர்க்காரர்களும் சேர்ந்து, பெரிய வாய்க்காலிலிருந்து சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள் பிரியும் மீன்முள் வடிவத்தில் வெட்டினார்கள். ஓதம் ஏறி இறங்கத் தொடங்கியதும் உப்பு குறைந்தது. அதன் பிறகுதான் நடவு. வாய்க்காலில் வண்டல் ஏறும், தூர் வாராமல் விட்டால் பழைய நிலைக்கே திரும்பும். மேற்கொண்டு கேள்வி இருந்தால் தனி இழை திறவுங்கள், இது செம்மண்ணோடு போகட்டும்.

மந்தைவெளி

ஆட்டைப் பற்றி எல்லாரும் ஒரு வரியில் தாண்டிப் போகிறீர்கள். "மேய்ச்சலை நிறுத்தினாலே போதும்" என்று எழுதுவது சுலபம். அந்த ஊரில் ஆடு வைத்திருப்பவர்கள் யார்? நிலமில்லாத வீடுகள், இருளர் வீடுகள், தனியாக வாழும் பெண்கள். நான்கு இளைஞர்கள் கூடி மூன்று ஏக்கரை மூடினால் அவர்கள் எங்கே போவார்கள்? ராத்திரி வேலியைப் பிரிப்பார்கள், நியாயமும் அவர்கள் பக்கம் இருக்கும்.

முதல் கூட்டத்துக்கே அவர்களைக் கூப்பிடுங்கள், முடிவு எடுத்துவிட்டுச் சொல்லாதீர்கள். எந்த மாதம் எங்கே மேய்க்கிறார்கள் என்று கேட்டு வரைபடத்தில் குறியுங்கள். மேய்ச்சல் நெருக்கடி பெரும்பாலும் நடவுக்காலத்தில்தான். வயலெல்லாம் பயிராக இருக்கும், ஆடு காட்டோரம் வரும். அறுவடை முடிந்ததும் தரிசில் மேயும். அதனால் தெற்கை மட்டும் ஐந்து வருஷம் மூடி, மேற்கைத் திறந்து விட்டு, பிறகு மாற்றலாம். மூடிய பகுதியிலும் புல்லை அறுத்துத் தலைச்சுமையாக எடுத்துப் போக அனுமதி கொடுங்கள். அரிவாள் கன்றை ஒதுக்கும், ஆட்டுக்கு அந்த ஒதுக்கல் தெரியாது. புல் குறைவது தீக்கும் நல்லது.

விறகும் அப்படித்தான். விளிம்பில் தானாக விழுந்த காய்ந்த சுள்ளி எடுக்கலாம், கத்தி கொண்டுபோகக் கூடாது, தாய்க்காட்டுக்குள் இல்லை. விதி இவ்வளவு சுருக்கமாக இருந்தால்தான் நிற்கும். மீறினால் அபராதம் என்று தொடங்காதீர்கள். வாங்கும் அதிகாரம் உங்களுக்கு இருக்கிறதா என்ற கேள்வி வரும், முதல் அபராதம் யார் வீட்டில் விழுந்தது என்று ஊர் இரண்டாகும். மாதக் கூலிக்கு ஆள் வைத்தால் ஆடு வைத்திருக்கும் வீட்டிலிருந்தே வையுங்கள்.

பண்ருட்டி_பலா

மந்தைவெளிக்கு ஒரு சபாஷ்.

வேலிக்கு ஒரு யோசனை. வெட்டுகிற கருவேல முள்ளையே படலாகக் கட்டுங்கள், கம்பிச் செலவு மிச்சம். இரண்டு வருஷம் தாங்கும், அதற்குள் கிளுவைப் போத்து (வெட்டிய கிளைத்துண்டு) ஊன்றினால் உயிர்வேலி ஆகிவிடும். ஆனால் காய் பிடித்த கிளையை வேலிக்குக் கொண்டுவராதீர்கள். காயை ஆடு தின்று புழுக்கையில் போடும் விதை பிரமாதமாக முளைக்கும், நீங்களே விதைத்த மாதிரி.

புயலையும் யாரும் பேசவில்லை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்ததில் எங்கள் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு போனது ஊரறிந்தது. ஆரோவில் பகுதியில் வேகமாக வளரும் அக்கேசியா கொத்துக் கொத்தாக விழுந்தது. பழைய கோயில் காடுகளின் குட்டை மரங்கள் அதைவிட நன்றாகத் தாங்கின.

வீரைநிழல்

புயலுக்குப் பிறகு மூன்று விஷயம். மின்கம்பி கிடக்கிறதா என்று பார்க்காமல் உள்ளே போகாதீர்கள். சாய்ந்த இளங்கன்றுகளை மண் ஈரமாக இருக்கும் அந்த வாரத்துக்குள் நிமிர்த்தி, தலைக்கிளையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, கோணிச் சாக்குத் துண்டால் முட்டுக்கொம்பில் தளர்வாகக் கட்டுங்கள். முற்றின மரத்தை இழுத்து நிமிர்த்துவது வீண் வேலை. முறிந்த பெரிய கிளையை அறுக்கும்போது முதலில் அடிப்பக்கம் கால்வாசி, பிறகு சற்று வெளியே தள்ளி மேலிருந்து, கடைசியில் மிச்ச மொட்டையைக் கிளையின் கழுத்தை ஒட்டி. அடிவெட்டு இல்லாமல் அறுத்தால் பட்டை தண்டோடு கிழிந்து இறங்கும், அந்தக் காயம் ஆறாது.

விழுந்ததையெல்லாம் வாரிக்கொண்டு போகாதீர்கள். பருமனான தண்டுகளைச் சரிவுக்குக் குறுக்காக உருட்டி வைத்தால் ஓடை அண்ணன் சொன்ன தடுப்பு தயார். கூரை திறந்த இடத்தில் நான்கு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள், கருவேலம் அங்கேதான் முதலில் முளைக்கும்.

கெடிலக்கரை

எல்லாருக்கும் நன்றி. குழுவில் பேசினோம். அ பதிவேட்டில் பார்த்தால் கோயில் பெயரில் 1.8 ஏக்கர், மிச்சம் புறம்போக்கு. திட்டம் இப்படி: நில அளவைக்கு மனு, ஆடு வைத்திருப்பவர்களோடு முதல் கூட்டம், அக்டோபர் 2 கிராமசபையில் தீர்மானம், இந்த ஐப்பசிக்குள் 100 குழி, ஓடைத் தடுப்பு. தாய்க்காட்டு விளிம்பில் அனுமதி வந்த பிறகு முதல் பட்டையில் கருவேலம் எடுப்பது. அடுத்த வருஷ ஐப்பசிக்கு மொட்டைச் சரிவில் 2-க்கு 2 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 1,000 கன்று. சரியா?

நாற்றங்கால்

எல்லாம் சரி, கடைசி வரி வேண்டாம். ஏக்கருக்கு 1,000 கன்றுக்குத் தண்ணி யார் ஊத்துவாங்க? முதல் கோடையில் வாரம் ஒரு தடவை 10 லிட்டர்னா வாரத்துக்கு 10,000 லிட்டர். டிராக்டர் டேங்கர் வாரம் ரெண்டு நடை. ரெண்டாம் மாசம் நின்னுடும்.

கொத்துக் கொத்தா நடுங்க. மொத்தச் சரிவுக்கும் 25 கொத்து, கொத்துக்கு 12 கன்று, 300 போதும். ஒவ்வொரு கொத்தும் 3 மீட்டர் வட்டம், குழிக்கரைக்குக் கீழ்ப்பக்கம் ஈரம் நிக்கிற இடத்தில். நடுவில் நாவலோ வேம்போ சீக்கிரம் வளர்றது நாலு, சுத்தி காட்டு எலுமிச்சை, பையில் ரெண்டு வருஷம் ஆனப்புறம் காசா, வீரை. இடையில் துவரை விதைச்சுடுங்க, முதல் கோடைக்கு அதுதான் நிழல். கொத்து நடுவில் 10 அடி உயரத்துக்குக் குறுக்குச்சட்டம் வெச்ச கம்பு ஒண்ணு ஊன்றுங்க. கொண்டைக்குருவி வந்து உக்காந்து மிச்ச இனங்களை அது நடும். படலும் 25 வட்டத்துக்கு மட்டும் கட்டினா போதும், மந்தைவெளி சொன்ன சண்டையும் குறையும்.

ரெண்டு நல்ல மழை பெஞ்சு, ஓரடி ஆழம் ஈரம் இறங்கினதும் நடுங்க. கார்த்திகை பாதிக்குள் முடிச்சுடுங்க. மார்கழியில் நட்டா வேர் பிடிக்கிறதுக்குள் பனி முடிஞ்சு வெயில் வந்துடும். குழி ஒன்றரை அடி. சுவர் வழவழன்னு இருந்தா கடப்பாரையால் கீறி விடுங்க, இல்லேன்னா சட்டிக்குள் இருக்கிற மாதிரி வேர் உள்ளேயே சுத்தும். பையை முழுசாக் கழட்டி, அடியில் சுருண்ட வேரை ஒரு விரற்கடை வெட்டி எடுங்க. பையோட நட்டுட்டுப் போற வேலையைப் பல விழாக்களில் பாக்கலாம். மூடாக்கு நாலு விரற்கடை கனம், தண்டை ஒட்டாம ஒரு சாண் தள்ளி. ஒட்டினா கரையான் தண்டுக்கு ஏறும்.

கெடிலக்கரை

புரிந்தது, 300. அந்த அமைப்பிடம் வேம்பும் புங்கனும் 60 மட்டும் பள்ளிக்கூடத்துக்குக் கேட்டிருக்கிறோம். கடைசியாக ஒன்று: கணக்கெடுப்புச் சதுரத்தைக் கயிறு பிடித்துப் பார்த்தோம், கோணிக்கொண்டே போகிறது. கருவேலத்துக்குள் நேர்கோடே வரவில்லை.

வீரைநிழல்

நைலான் கயிறு இழுபடும், அளவுநாடாவால் அளந்து முடிச்சுப் போட்ட சணல் கயிறு வையுங்கள். நான்கு பக்கமும் 10 மீட்டர் வந்தாலும் சாய்சதுரமாக இருக்கலாம். மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள், இரண்டும் 14.14 மீட்டர் வந்தால் சதுரம் சரி. புதர் விடவில்லையென்றால் சதுரத்தை மறந்துவிட்டு வட்டம் போடுங்கள்: நடுவில் ஒரு முளை, 5.64 மீட்டர் கயிறு, சுற்றி ஒரு நடை, அதே 100 சதுர மீட்டர். முளைக்கு இரும்புக் கம்பியை அடித்து விடுங்கள். அடுத்த வருஷம் அதே இடத்தில் எண்ண வேண்டும், மரக்குச்சியைக் கரையான் தின்றிருக்கும்.